சுலபமான சங்கற்பம்

செப்டம்பர் 7, சனி

ஓய்வு பெற்ற பிறகு டைரி எழுதுவதை விட்டிருந்தேன். இன்று மறுபடி எடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. என் வீட்டில் ஏதோ நடக்கிறது.

உணவு ஆய்வாளராக இருந்த காலம் முழுவதும் தினமும் எழுதியவன் நான். எந்த ஓட்டலில் எந்த எண்ணெய், எவன் மிளகில் பப்பாளி விதை கலக்கிறான், என்னைக் கண்டதும் எவன் கல்லாவை விட்டு எழுந்து நிற்கிறான், எல்லாம் எழுதுவேன். யாரிடமும் எதுவும் கேட்க மாட்டேன். கேட்டால் கதை விடுவார்கள். பேசாமல் நின்று பார்த்தால் போதும், தானாக வெளியே வந்துவிடும். வந்தவாசி வட்டாரத்தில் என் ஸ்கூட்டர் சத்தத்துக்கே கடைக்காரர்கள் எண்ணெய் டின்னை உள்ளே தள்ளுவார்கள்.

நாளை தசலட்சண பருவம் தொடங்குகிறது. நாளுக்கு ஓர் அறம் என்று பத்து நாள், எங்கள் ஜைனர் தெருவில் ஆளாளுக்கு ஒரு விரதம் எடுக்கிற நாட்கள். ஒருவர் உப்பை விடுவார், ஒருவர் நெய்யை விடுவார், இன்னொருவர் வெறும் தண்ணீரோடு நிற்பார். நான் வெங்காயம், கிழங்கு எதையும் என்றைக்கும் தொடாதவன், பொழுது சாய்ந்தபின் சாப்பிடாதவன். அதற்கு மேல் என்னால் ஆகாது.

இந்த மழைக்காலத்துக்கு எங்கள் ஜினாலயத்தில் ஒரு மாதாஜி, பெண் துறவி, தங்கியிருக்கிறார். வெள்ளைப் புடவை, மயிற்பீலி, கமண்டலம், அவ்வளவுதான் அவருடைய உடைமை. அவர் உணவுக்குக் கிளம்புகிற முறை எனக்குப் பிடிக்கும். மனதுக்குள் ஓர் அடையாளத்தை நினைத்துக்கொண்டு புறப்படுவார். இன்று வாசலில் தேங்காய் ஏந்தி நிற்கிறவர் வீட்டில்தான் உண்பது என்று நினைத்திருந்தால், தேங்காய் கண்ணில் படாத அன்று பட்டினி. என்ன நினைத்தார் என்று யாருக்கும் சொல்ல மாட்டார். நாங்கள் செய்த திடீர்ச் சோதனை மாதிரிதான், ஆனால் தனக்குத்தானே செய்துகொள்வது.

இன்று மாலை என் மனைவி குணமாலை அவர் முன்னால் உட்கார்ந்து அதே மாதிரி ஒரு சங்கற்பம் எடுத்தாள். காதோடு காதாகச் சொன்னாள். மாதாஜி முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி அவளையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஆசி சொன்னார். நான் தூணுக்கு அந்தப் பக்கம் நின்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். வாயசைவு பிடிபடவில்லை.

வரும் வழியில் அவளே சொன்னாள்.

"தினம் ஒரு வேளைதான். அதுவும் நான் நெனச்சது நடந்தாத்தான். பொழுது சாயறதுக்குள்ள நடக்கலைன்னா அன்னிக்கு வெறும் தண்ணி. என்ன நெனச்சேன்னு பருவம் முடியற வரைக்கும் சொல்லக்கூடாது. ஜாடையும் காட்டக்கூடாது."

"சர்க்கரைக்கு மாத்திரை போடறவ நீ."

"அதான் இருக்கறதுலயே சுலபமானதா எடுத்திருக்கேன். கவலைப்படாதீங்க."

சுலபம் என்று யார் சொன்னாலும் எனக்கு மூக்கில் வேர்த்துவிடும்.

செப்டம்பர் 8, ஞாயிறு

விடிந்ததும் தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் காய்ச்சினாள். சாதம், மிளகு ரசம், வாழைக்காய்ப் பொரியல். எனக்குப் பரிமாறிவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். நான் கை கழுவி வரும்போது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரசத்தைப் பற்றிச் சொல்வேன் என்று காத்திருக்கிறாள் போலும். "உப்பு கம்மி" என்றேன். தலையாட்டினாள்.

அவள் பங்கை மூடி வைத்தாள். மூடியது மூடியபடியே இருந்தது. வெயில் சாய்ந்ததும் எடுத்துப்போய்ப் பக்கத்து வீட்டு மாட்டுக்கு வைத்துவிட்டு வந்து தண்ணீர் குடித்தாள்.

நான் எதுவும் கேட்கவில்லை. முதல் நாளே கேள்வி கேட்கிறவன் நல்ல ஆய்வாளன் இல்லை.

செப்டம்பர் 9, திங்கள்

காலையில் இஸ்திரி போடுகிற அஞ்சலை துணி மூட்டையோடு வந்தாள். நான் கூடத்தில் செய்தித்தாள் பிடித்திருந்தேன். படிக்கவில்லை.

"இன்னாம்மா, சாப்ட்டியா?"

"இன்னும் இல்ல அஞ்சலை."

"மணி பத்தாவுது, இன்னும் சாப்டாம இன்னா பண்ற? மூஞ்சி வாடிக் கெடக்குது பாரு."

குணமாலை அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சிரித்தாள். மூட்டையை வாங்கி உள்ளே கொண்டுபோனாள். கொஞ்ச நேரத்தில் இலை போட்டுவிட்டாள்! கண்ணை மூடி மந்திரம் சொல்லி, ஒவ்வொரு கவளத்தையும் பார்த்துப் பார்த்து மென்று தின்றாள். முழு வயிறு நிறையுமுன் கையை எடுத்துவிட்டாள். கொஞ்சம் பசியை மிச்சம் வைத்து எழுவதும் ஒரு தவம் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நேற்று இல்லாத சாப்பாடு இன்று எப்படி வந்தது?

அவள் ஜினாலயம் போனதும் மூட்டையைப் பிரித்துப் பார்த்தேன். என் சட்டைகள், இரண்டு வேட்டி, அவள் புடவை. ஒவ்வொன்றாக முகர்ந்தேன். கஞ்சி வாசம் தவிர வேறெதுவும் இல்லை.

செப்டம்பர் 10, செவ்வாய்

யாரும் வரவில்லை. சாப்பிடவில்லை. மாடு சாப்பிட்டது.

மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்தேன். சாப்பிடாத நாட்களில் மாத்திரையையும் போடவில்லை. அது சரிதான், வெறும் வயிற்றில் போடக்கூடாது. ஆனால் இந்தச் சர்க்கரை எந்தப் பக்கம் சாயும் என்று யாருக்குத் தெரியும்? எனக்குப் பயமாக இருக்கிறது. அதை அவளிடம் சொல்லவில்லை.

இன்றைய அறம் நேர்மை என்று மாதாஜி பேசியதாகச் சொன்னாள். நான் அட்டையை இருந்த இடத்தில் இருந்தபடியே வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 11, புதன்

சிலிண்டர் வந்தது. போடுகிறவன் நிஜாம் என்ற பையன், நல்ல மரியாதை தெரிந்தவன். "ஓடிபி சொல்லுங்கம்மா" என்றான். சொன்னாள். சமையலறை வரை தூக்கி வந்து வைத்து, கசிகிறதா என்று சோதித்தான். போகும்போது, "சாப்டீங்களாம்மா? டல்லா தெரியறீங்களே" என்றான். "இதோ சாப்பிடப் போறேன் தம்பி, நீ நல்லா இருக்கணும்" என்று வாசல் வரை வந்து வழியனுப்பினாள். சிலிண்டர்காரனுக்கு எந்த வீட்டில் இத்தனை உபசாரம்?

அவன் தலை மறைந்ததும் இலை போட்டாள்.

இப்போது பிடி கிடைத்துவிட்டது. வெளி ஆள் வந்தால் சாப்பாடு, வராவிட்டால் தண்ணீர். அப்படியென்றால் அவர்கள் எதையோ கொண்டு வருகிறார்கள், அல்லது ஏதோ சேதி சொல்கிறார்கள். என்ன சேதி? ஒருவேளை உடம்புக்குப் பெரிதாக ஏதாவது இருந்து, என்னிடம் மறைத்து, யார் மூலமாவது மருந்து வருகிறதா? இரும்பு மனசுக்காரி, மறைத்தாலும் மறைப்பாள். அதை நினைத்ததிலிருந்து எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை. அவள் அதைக் கவனித்துவிட்டு, "மோர் ஊத்தட்டுமா?" என்றாள்.

செப்டம்பர் 12, வியாழன்

அடுத்த வீட்டு சுலோசனா வந்தாள். எங்கள் ஜனம்தான், அவளுக்கும் விரதம்.

"அக்கா, இன்னிக்கு உங்களுக்கு என்ன? ஒரு வேளையா, முழுப் பட்டினியா?"

"தெரியல சுலோ. பொழுது இருக்கே."

"எனக்கு இன்னிக்கு நெய் தள்ளுபடி. எங்க வீட்டுக்காரர் உப்பை விட்டுட்டு, உப்பு இல்லைன்னு என் மேல எரிஞ்சு விழறாரு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சுலோசனா வெகுநேரம் இருந்துவிட்டுப் போனாள். குணமாலை சாப்பிடவில்லை. ஆக, எங்கள் தெரு ஆட்கள் வந்தால் ஒன்றும் நடப்பதில்லை. வெளியார்தான். என் கணக்கு சரி.

விளக்கு வைத்த பிறகு ஓசூரிலிருந்து மகள் விசயா பேசினாள். அவளுக்கு வேலை முடிய அந்த நேரம் ஆகிவிடும். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. "சாப்டியாம்மா?" என்றுதான் தொடங்கினாள். குணமாலை சிரிக்க ஆரம்பித்தாள், சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "பொழுது சாஞ்சிடுச்சேடி" என்றாள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது? மகளும் இதில் கூட்டா?

செப்டம்பர் 13, வெள்ளி

நடவடிக்கை எடுத்தேன்.

தெருமுனைக்குப் போய் அஞ்சலையிடம், "இந்த வாரம் வீட்டுக்கு வர வேணாம், துணிய நானே கொண்டாந்து தரேன்" என்றேன்.

"ஏன் சார், அம்மாவுக்கு ஒடம்பு சரியில்லியா?"

"சொன்னதைச் செய்."

பிறகு நாற்காலியைத் தூக்கிவந்து கேட்டுக்கு உள்பக்கம் போட்டு உட்கார்ந்தேன். என்னைத் தாண்டி ஈ, காக்காய் போக முடியாது.

அவள் சாப்பிடவில்லை. பார்த்தாயா என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். வழியை அடைத்ததும் வரத்து நின்றுவிட்டது.

செப்டம்பர் 14, சனி

மின்கணக்கு எடுக்கிற பெண் வந்தாள். மீட்டர் வெளிச்சுவரில்தான் இருக்கிறது. அட்டையைக் கேட்டுக்கு மேலேயே கொடுத்து வாங்கி அனுப்பினேன். சோப்பு விற்கிற பெண் ஒருத்தி வந்தாள். "வேண்டாம் போ" என்றேன்.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குணமாலை நின்றிருந்தாள். "பாவம், வெயில்ல வந்திருக்கு. உள்ள வரச் சொல்லுங்க, தண்ணி குடிச்சிட்டுப் போகட்டும்."

"தண்ணி வேணும்னா நான் தரேன்."

சொம்பைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சோப்புக்காரி குடித்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக் கும்பிட்டாள். அவள் இன்னும் ஏதோ சொல்வாள் என்பதுபோல் குணமாலை அவள் வாயையே பார்த்தாள். அந்தப் பெண் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டது.

என்னிடம் குணமாலை கோபப்படவில்லை. எனக்கு மாங்காய்ப் பச்சடி கூடச் செய்திருந்தாள். நான் கை கழுவி வந்தபோது முதல் நாள் மாதிரியே முகத்தைப் பார்த்தாள். "நல்லாருக்கு" என்றேன். இந்த முறை குறை சொல்லவில்லையே, பிறகும் ஏன் அப்படிப் பார்க்கிறாள்?

மாடு மட்டும் கொழுத்துக்கொண்டு போகிறது.

செப்டம்பர் 15, ஞாயிறு

எழுத்து கோணலாக வருகிறது.

மூன்று மணிக்குப் பின்பக்கம் குழாயடியில் பாத்திரம் உருண்ட சத்தம். ஓடிப் பார்த்தால் குணமாலை கீழே கிடக்கிறாள். வேர்த்துக் கொட்டியிருக்கிறது, கூப்பிட்டால் முனகுகிறாள். நான் எப்படி ஆட்டோ பிடித்தேன், யார் கை கொடுத்துத் தூக்கினார்கள், எதுவும் நினைவில் இல்லை. வழி முழுக்க அவள் தலை என் தோளில் இருந்தது. இவள் போய்விட்டால் நான் என்ன செய்வேன் என்பது மட்டும்தான் மண்டைக்குள் ஓடியது.

கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சின்ன கிளினிக். டாக்டர் வருமுன் ஒரு நர்ஸ் வந்தாள், சின்னப் பெண். விரலில் குத்தி ரத்தம் எடுத்துக்கொண்டே, குனிந்து கேட்டாள்.

"சாப்டீங்களாம்மா?"

குணமாலை கண்ணைத் திறந்தாள். அப்படி ஒரு முகத்தை நான் பார்த்து எத்தனையோ காலமாகிறது. "இல்லம்மா" என்றாள். என் பக்கம் திரும்பி, "பொழுது இருக்குதுங்களா? வீட்ல மூடி வெச்சிருக்கேன், எடுத்துட்டு வரீங்களா?" என்றாள்.

ஆட்டோவிலேயே போய் வந்தேன். சாதத்தையும் பாசிப்பருப்பையும் பிசைந்து நானே ஊட்டினேன். ஜன்னலுக்கு வெளியே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது, அதற்குள் முடித்துவிட்டாள். சர்க்கரை கீழே போய்விட்டது, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஆபத்து என்று டாக்டர் என்னைத் திட்டினார். கூட இருக்கிற ஆள் கவனிக்க வேண்டாமா என்றார். நானா கவனிக்கவில்லை? நான் கவனித்த மாதிரி இந்த ஊரில் எவன் தன் பெண்டாட்டியைக் கவனித்திருப்பான்?

"விசயாகிட்ட சொல்லாதீங்க. தெருவுல யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றாள்.

அந்த நர்ஸ் எதையும் கொண்டு வரவில்லை. அதை நான் கண்ணால் பார்த்தேன்.

செப்டம்பர் 16, திங்கள்

காலையில் மறுபரிசோதனை. அதே நர்ஸ். நான் அவள் கையைப் பார்க்கவில்லை, வாயைப் பார்த்தேன்.

"இன்னிக்கு சாப்டீங்களாம்மா, இல்ல இன்னிக்கும் பட்டினியா?" என்று சிரித்தாள்.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டாள்.

அஞ்சலை என்ன கேட்டாள்? நிஜாம் என்ன கேட்டான்? சே, இருக்காது. ஊரே கேட்கிற கேள்வி அது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவன்கூடக் கேட்பான். அதையா ஒருத்தி தவம் என்று எடுப்பாள்? ஆனால் எங்கள் தெருவில் இந்த நாட்களில் யாரும் யாரையும் அப்படிக் கேட்பதில்லை. விரதக்காரரிடம் சாப்பிட்டாயா என்று எப்படிக் கேட்பது? என்ன விரதம் என்றுதான் கேட்போம். அவள் அதை யோசித்திருக்க மாட்டாள்.

இல்லை, இருக்காது. நாற்காலியைக் கேட்டிலிருந்து எடுத்து உள்ளே போட்டுவிட்டேன். அஞ்சலையிடம் போய், நாளைக்குத் துணி வாங்க வா என்றேன். அவள் திருவண்ணாமலைக்குப் போகிறாளாம், மகள் வீட்டுக்கு.

செப்டம்பர் 17, செவ்வாய்

பருவத்தின் கடைசி நாள்.

காலையில் சமையலறை வாசல்படியில் போய் நின்றேன். அவள் பருப்பு பொறுக்கிக்கொண்டிருந்தாள். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கேட்டு, அது இல்லை என்றாகிவிட்டால் அசடு வழிய வேண்டும். கேட்டு, அதுதான் என்றாகிவிட்டால் அதைவிட மோசம். "என்னங்க?" என்றாள். "செய்தித்தாள் வந்துச்சா?" என்றேன். கையில்தான் வைத்திருந்தேன்.

மதியம் இன்னொரு தடவை போய் நின்றேன். தண்ணீர் குடித்துவிட்டு வந்துவிட்டேன். கோழை. வேறு வார்த்தை தெரியவில்லை.

அவள் பங்கு மாட்டுக்குப் போனது.

மாலை ஜினாலயத்தில் கூட்டம். விரதம் எடுத்தவர்களை மாதாஜி ஒவ்வொருவராகக் கூப்பிட்டு முடித்துவைத்தார். குணமாலை முறை வந்தது.

"இப்ப சொல்லலாம்மா. என்ன நினைச்சு எடுத்தே?"

அவள் எழுந்து நின்று முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "யாராச்சும் என்னைப் பார்த்து சாப்டியான்னு கேட்டா சாப்பிடறதுன்னு எடுத்தேன் மாதாஜி."

மண்டபம் கொல்லென்று சிரித்தது. சுலோசனாதான் பலமாகச் சிரித்தாள். "அக்கா, இதெல்லாம் ஒரு சங்கற்பமா?"

குணமாலையும் சிரித்தாள். "ஒடம்புல சர்க்கரை இருக்கே, கடினமா எடுக்கப் பயமா இருந்துச்சு. வீட்ல அவர் இருக்காரேன்னு தைரியமா எடுத்தேன்."

"அதானே! அண்ணன் இருக்கறப்ப உங்களுக்கென்ன, தினம் விருந்துதான்."

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள், நல்ல மனிதனைப் பார்க்கிற மாதிரி. முன்வரிசைப் பெரியவர் ஒருவர் எட்டி என் முதுகில் தட்டிக்கொடுத்தார். மாதாஜி மட்டும் சிரிக்கவில்லை. குணமாலையின் மெலிந்த கன்னத்தைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். குணமாலை கைகூப்பிவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அவள் என்னைச் சோதிக்கவே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. என்னை நம்பி எடுத்திருக்கிறாள்.

செப்டம்பர் 18, புதன்

விரதம் முடித்தவர்களுக்கெல்லாம் சுலோசனா வீட்டில் சாப்பாடு. குணமாலை போனாள். நான் போகவில்லை.

செப்டம்பர் 19, வியாழன்

இன்று மன்னிப்பு கேட்கும் நாள். தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைகளைப் பொறுக்க வேண்டும் என்று தெருவில் ஒருவருக்கொருவர் கைகூப்புவோம். நான் எல்லோரிடமும் கேட்டேன். ஒரு காலத்தில் அபராதம் போட்ட எண்ணெய்க்கடைக்காரரிடம்கூடக் கேட்டேன். வாய்க்குச் சுலபமாக வந்தது. அவளிடம் மட்டும் கைகூப்பப் பிடிக்கவில்லை. ஊரோடு ஊராக அதைச் சொல்லிக் கழித்துவிடக் கூடாது என்று தோன்றியது.

மதியம் பரிமாறினாள். சாப்பிட்டுக் கை கழுவி வந்தேன். அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இப்போதெல்லாம் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

"நீ சாப்டியா?" என்றேன்.

கடைக்காரனை அதட்டுகிற குரலில்தான் வந்தது. எனக்கு இருப்பது அந்தக் குரல் ஒன்றுதான்.

துடைத்த கை நின்றது. என்னைப் பார்த்தாள். பிறகு என் இலையைப் பார்த்தாள். சட்டென்று குழம்புச் சட்டியின் மூடியைத் திறந்து முகர்ந்தாள்.

"ஏன், கெட்டுப் போச்சா?"

"இல்ல."

"பூச்சி கீச்சி விழுந்திருக்கா?"

"ஒண்ணும் இல்ல. சும்மாதான் கேட்டேன்."

"சும்மாவா?"

கண்ணை இடுக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். அந்தப் பார்வையை எனக்கு நன்றாகத் தெரியும், எத்தனை கல்லாக்களுக்கு முன்னால் நின்று நானே அப்படிப் பார்த்திருக்கிறேன். "இன்னும் இல்ல" என்றாள் கடைசியில். நான் இன்னொரு இலையைப் போட்டு, சாதப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன்.

சாப்பிட்டாள். ஆனால் முடிக்கிற வரைக்கும் ஓரக்கண்ணால் என்னைக் கவனித்துக்கொண்டேதான் இருந்தாள்.